இருபத்து மூன்று மணி நேரம்

கேட் போட்டுவிட்டார்கள். இனிப் பத்து நிமிடமாவது ஆகும் என்று கண்டக்டர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அதற்குப் பிறகுதான் வெட்கம். குருவம்மாவின் முகத்தைப் பார்க்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்ற நிம்மதி. அந்த முகத்தைப் பார்ப்பதற்குத்தானே அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாத்தூரில் இந்த டவுன் பஸ்ஸில் ஏறினேன், ஏறியதிலிருந்து பஸ் மெதுவாகப் போனால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். அணைத்ததும் அதுவரை இல்லாத சத்தங்களெல்லாம் வெளியே வருகின்றன. பின் இருக்கையில் கூடைக்குள் ஒரு கோழி புரண்டு உட்காருகிறது, யாரோ பட்டாணியை மெல்கிறார்கள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பைக் விடாமல் ஹாரன் அடிக்கிறது. எனக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது, எங்கே போனாலும் அங்கே என்னென்ன சத்தம் இருக்கிறது, அதில் ருத்விக்குக்கு எது கேட்கும் எது கேட்காது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம். கோழி கேட்காது. பட்டாணி கேட்காது. பைக் ஹாரன் கேட்கும், மெஷின் போட்டிருந்தால் நன்றாகவே கேட்கும். மெஷின் போட்டிருந்தால். அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது மனசு, மூன்று வாரமாக. ருத்விக் குருவம்மாவின் மகன், அடுத்த மாதம் வந்தால் மூன்று வயது, பிறவியிலேயே காது கேட்காது, நாங்கள் கொடுத்த காது மெஷினைப் போட்டால் கேட்கும். காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்குப் பேசப் பழக்குகிற மையத்தில் நான் சிறப்பாசிரியை, வேலையில் சேர்ந்து பதினாலு மாதம். செவ்வாய்க்கிழமை பத்தரை மணி அவனுடைய நேரம். இரண்டு செவ்வாய் அவர்கள் வரவில்லை. தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் அந்த நேரத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும், அது விதி. நாளைக்கு மூன்றாவது செவ்வாய். மேலாளர் அம்மா நல்லவர்தான், அவரே சொன்னார், வராதவகளத் தேடிப் போயி என்னம்மா செய்யப் போற, வரிசையில முப்பது பிள்ள நிக்குது. முப்பது பிள்ளை நிற்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த முப்பது பேரின் தாய்மாரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. குருவம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்க ஏமாத்துனது என்னையில்ல, உங்க பிள்ளைய.

“ஏம்மா, அந்தப் பைய மடியில வைக்கப்படாதா? சீட்டு ஆளுக்குத்தான், பைக்கு இல்ல” என்கிறார் கண்டக்டர். பையை மடியில் எடுத்து வைக்கிறேன். பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்து, “அவரு அப்டித்தான், ஓசி டிக்கெட்டுன்னா நம்மள நிக்க வச்சே கொண்டுபோயிருவாரு” என்று அவருக்குக் கேட்கும்படியே சொல்கிறாள். “நிக்க வைக்கல தாயி, நீ உக்காரு, நான் எறங்கித் தள்ளிட்டு வாரேன்” என்கிறார் அவர். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், கொஞ்சம் பிந்தி. எல்லாரும் சிரிக்கும்போது சிரித்துவிடுகிற ஆள் நான், அது எனக்குத் தெரியும், அதுதான் எனக்குப் பயம். பைக்குள் ருத்விக்கின் நோட்டு இருக்கிறது. பச்சை அட்டை, மேலே அவன் படம், அதில் அவன் கேமராவைப் பார்க்காமல் கேமராவுக்கு மேலே எதையோ பார்க்கிறான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டையில் தீர்ந்துபோன பேட்டரிகள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. சட்டைப் பொத்தானை விடச் சின்னவை. பழைய பேட்டரியைக் கொண்டுவந்தால்தான் புதுசு தருவோம், மையத்தில் அப்படி ஒரு முறை. பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் பிள்ளை மெஷினை ஒழுங்காகப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். தீராமல் கிடந்தால் மெஷின் பீரோவுக்குள் தூங்குகிறது என்று அர்த்தம். பல வீடுகளில் தூங்கத்தான் செய்யும். பிள்ளை பிடுங்கிப் போடுவான், பார்க்கிறவர்கள் கேட்பார்கள், தொலைந்துபோனால் வீட்டுக்காரர் திட்டுவார். குருவம்மா மட்டும் அப்படியில்லை. மற்றவர்கள் ஒரு பேட்டரி கொண்டுவருகிற காலத்தில் அவள் இரண்டு கொண்டுவருவாள், செலோடேப்பில் ஒட்டி, தேதி எழுதி. தேதி மட்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி உருண்டையாக இருக்கும். பொங்கலுக்கு முன்னால் நடந்த தாய்மார் கூட்டத்தில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டினேன். ருத்விக் அம்மாவைப் பாருங்க, வீட்டுல வேல இல்லாமலா இருக்காங்க, எப்படிச் செய்றாங்க பாருங்க. பன்னிரண்டு தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். குருவம்மா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். கூச்சம் என்று நினைத்தேன். எவ்வளவு அடக்கம் என்று கூட நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தபோது, எங்கிட்ட வார ஒரு அக்கா ரொம்ப நல்லாச் செய்றாகம்மா என்று சொன்னேன். அம்மா, ம் என்றாள். பிறகு, சாப்ட்டியா என்றாள். என்ன கொழம்பு என்றாள்.

பாராட்டின கையோடுதான் அடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அன்றைக்கு அடிக்கிறோம் என்று தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முந்திய செவ்வாய். ஜெபக்கனி சார் வந்திருந்தார், காதுப் பரிசோதனை பார்க்கிறவர், மெஷினில் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் தருவார், மாதம் ஒருமுறைதான் வருவார் என்பதால் அன்றைக்கு எல்லாத் தாய்மாரும் ஒரே அறையில் இருப்பார்கள். அவர் ருத்விக்கின் மெஷினைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினார். மெஷினுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதுவே குறித்து வைத்திருக்கும், தாய்மாருக்கு நாங்கள் அதைச் சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை? மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சார் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இருபத்து மூணு மணி நேரமா? ஏம்மா, ஒங்க பிள்ள கனவுலயும் கேட்டுக்கிட்டு இருக்கான் போலயே என்றார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார், கெட்ட எண்ணம் கிடையாது. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விஷயம் புரியாமல் பாதிப் பேர், புரிந்து பாதிப் பேர். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தூங்கும்போது கழற்ற வேண்டும், குளிக்கும்போது கழற்ற வேண்டும், இந்த வயதுப் பிள்ளை பன்னிரண்டு மணி நேரமாவது தூங்குவான். இருபத்து மூன்று மணி நேரம் ஓடியது என்றால் மெஷின் காதில் ஓடவில்லை. எங்கேயோ ஓரிடத்தில், யார் காதிலும் இல்லாமல், தானாக ஓடியிருக்கிறது. பேட்டரி தீர வேண்டும் என்பதற்காக ஓடவிட்டிருக்கிறாள். எனக்குக் காட்டுவதற்காக. முகத்தில் சூடு ஏறியது. பன்னிரண்டு பேர் முன்னால் நான் தூக்கிக் காட்டின அட்டை அது. அந்தச் சூடு ருத்விக்குக்காக ஏறியதா எனக்காக ஏறியதா என்று கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்காகத்தான் முதலில் ஏறியது. அப்புறம்தான் ருத்விக். நீங்க ஏமாத்துனது என்னையில்ல, உங்க பிள்ளைய. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. படித்தவர்கள் சொல்கிற மாதிரி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்துச் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று அப்போதே ஒரு கணம் தோன்றியது. யாருடையது என்று மட்டும் நினைவு வரவில்லை. பேருந்தேறி வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் வந்தது. புஷ்பலீலா டீச்சர்.

ரயில் வருகிறது. சரக்கு ரயில், பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல். ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு டைரி கொடுத்தார்கள், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், வீட்டில் படித்தாரா என்று கேள்வி, பெற்றோர் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அப்பா கிடையாது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போவாள், விடியுமுன் போனால் விளக்கு வைத்த பிறகு வருவாள். எழுத்துத் தெரியாது. டிக் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான், இப்படிச் சின்னதாக இறங்கிப் பெரிசாக ஏறணும்மா என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அம்மா அந்த மாதம் முழுவதற்கும் போட்டு வைத்துவிட்டாள். நாளைக்கு மறந்துவிட்டால் மகளை வெளியே நிற்க வைத்துவிடுவார்களே என்று. ஒவ்வொன்றும் அவ்வளவு அழுத்தி, அடுத்த தாளில் தடம் விழும்படி. பெற்றோர் கூட்டத்தன்று டீச்சர் டைரியைப் பிரித்தார். இன்னும் வராத நாளுக்கெல்லாம் டிக் இருந்தது. ஞாயிறுக்கு இருந்தது, போகிக்கு இருந்தது, பொங்கலுக்கு இருந்தது. இவங்க வீட்டுல பொங்கலன்னைக்கும் படிப்புத்தான், சக்கரப் பொங்கல் கெடையாது என்று டீச்சர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னார். வகுப்பு சிரித்தது. நீங்க யாரை ஏமாத்துறீங்க தெரியுமா, ஒங்க மகளை என்றார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விரலெல்லாம் தீக்குச்சி மருந்து பட்டு வெளுத்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா பார்த்தாளா என்று இன்றுவரை தெரியாது. பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு அம்மா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, கல்லூரிக்கு வரவில்லை, எங்கள் குடும்பத்தில் முதல்முதலாக ஒருத்தி கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பட்டம் வாங்கின அன்றைக்கும் வரவில்லை. நான் அங்கிட்டு வந்து என்னத்தப் பேச, நீ போயிட்டு வா என்றாள். போட்டோவைக் காட்டினபோது ரொம்ப நேரம் பார்த்தாள், பிறகு, இந்தத் துணி ஒனக்குச் சூடா இருந்திருக்குமே என்றாள். எனக்கு அம்மாவிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. என்ன கொழம்பு என்பதைத் தாண்டி அவள் ஒன்று கேட்க மாட்டாளா, நான் ஒன்று சொல்ல மாட்டேனா என்று ஒவ்வொரு ராத்திரியும் போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் விட்டு வந்ததும் அம்மா என்னைத் தூக்குவாள், கழுத்தில் மருந்து நெடி அடிக்கும், நெருப்புக் குச்சியை உரசினதும் வருமே அந்த நெடி, எனக்கு அதுதான் அம்மா. எந்த வயதில் தூக்குவதை விட்டாள் என்று ஞாபகமில்லை. எந்தப் பிள்ளைக்குத்தான் அது ஞாபகம் இருக்கும், கடைசியாகத் தூக்கின நாள்.

கேட் திறந்து பஸ் நகர்கிறது. நகர்ந்ததும் பயம் திரும்பி வந்துவிட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். ருத்விக் அம்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இது நன்றாக இருக்கிறது, ஆனால் அடுத்து என்ன? ஆனா நீங்களும் என்று ஆரம்பித்துவிடுவேனோ? ஆனா என்ற சொல் வரக் கூடாது. குடும்பங்களுடன் இணைந்து செயல்படுதல் என்று படிக்கும்போது எங்களுக்கு ஒரு தாளே இருந்தது, பெற்றோரே பிள்ளையின் முதல் ஆசிரியர் என்று தொடங்கும், எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்விக்குத்தான் எனக்கு விடை வேண்டும். எதற்காக? பிள்ளை காதில் போடாமல், அதைப் பீரோவில் அணைத்தும் வைக்காமல், ஓடவிட்டாளே, எதற்காக? எனக்குப் பயந்துதான் ஓடவிட்டாள், அது புரிகிறது. போடாமல் இருந்தது எதற்காக? அவளுக்கு அவன் பேச வேண்டும் என்று ஆசை இல்லையா? இருந்தது. எனக்குத் தெரியும். ஒருநாள் நீர் குடிக்கப் போனவள் கதவருகே நின்று, பக்கத்து அறையில் ஒரு பிள்ளை அம்மா அம்மா என்று சொல்லிப் பழகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், டம்ளர் கையில் அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளையின் தாய் சலித்துப்போய், சும்மா இருடா என்றபோது குருவம்மா அவளைப் பார்த்த பார்வை. நோட்டைத் திறக்கிறேன். பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும், இருந்தாலும் திறக்கிறேன். என் கையெழுத்து. அக்டோபர் பதினெட்டு. தாய்: மெஷின் போட்டால் விசில் சத்தம் வருகிறது என்கிறார். மையத்தில் நாற்காலியில் அமர வைத்துப் பார்த்ததில் விசில் இல்லை. தொடர்ந்து அணிவிக்கத் தாய்க்கு வலியுறுத்தப்பட்டது. வலியுறுத்தப்பட்டது. யாரால்? எழுதும்போது நான் அங்கே இல்லாதது மாதிரி எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் பார்க்கிறேன், அதில் விசிலைப் பற்றி ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த வாரம் இல்லை. அதற்குப் பிறகு குருவம்மா அதைச் சொல்லவே இல்லை, பேட்டரிகள்தான் வந்திருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. அக்டோபர் பதினெட்டுக்குப் பிறகுதான் இரண்டிரண்டாக வரத் தொடங்கியிருக்கின்றன. இதை இந்த நிமிடம் வரை நான் கவனிக்கவில்லை. காது அச்சு என்று ஒன்று உண்டு, மெஷினிலிருந்து வருகிற குழாயின் முனையில் காதுக்குள் பொருந்துகிற மெத்தென்ற துண்டு, பிள்ளையின் காது வளர வளர அதை மாற்ற வேண்டும், தளர்ந்தால் சத்தம் வெளியே கசிந்து கீச்சென்று கத்தும். ஐந்து மதிப்பெண் கேள்வி, எழுதியிருக்கிறேன். ருத்விக்குக்கு அச்சு எடுத்து எத்தனை மாதம் என்று எண்ணுகிறேன். பதினொன்று. ஆனால் மையத்தில் கத்தவில்லையே. நான் பார்த்தேனே. மேஜைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், காதைக் கொடுத்துக் கேட்டேனே, கத்தவில்லையே.

“வெள்ளூரணி எறங்கு” என்கிறார் கண்டக்டர். இறங்கியதும் பஸ் போய்விட்டது, வெயில் மட்டும் நிற்கிறது. பெட்டிக்கடையில் ஒரு அம்மா பாக்கெட்டுகளைச் சரமாகத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறாள். “ருத்விக் வீடு எதுங்க?” என்றேன். “ஆரு?” “ருத்விக். சின்னப் பையன். காதுல மெஷின் போட்டிருப்பான்.” “காதுல மெசினா? அப்படி யாரும் இங்கிட்டு இல்லையே.” அது எங்கேயோ போய்க் குத்தியது. ஊரில் யாருக்கும் தெரியாது, அவன் காதில் மெஷினை யாரும் பார்த்ததே இல்லை. “அவங்க அம்மா பேரு குருவம்மா” என்றதும் முகம் மலர்ந்தது. “நம்ம சேவு பாக்கெட் போடுற குருவா? அத மொதல்ல சொல்லணும்ல. பிள்ளய இடுப்பவிட்டு எறக்க மாட்டாளே, அவதான? ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கிட்டே கெடப்பான். எங்களுக்கெல்லாம் பிள்ள இருந்துச்சு, இப்பிடியா தூக்கிக்கிட்டே திரிஞ்சோம்? நேர போயி டேங்குக்குப் பக்கத்துல.” குருவம்மா. ஓராண்டில் ஒருமுறைகூட அவளை நான் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை என்று டேங்குக்குப் போகிற வழியில் தெரிகிறது. மையத்தில் தாய்மாருக்குப் பெயர் கிடையாது, ருத்விக் அம்மா, ஹர்ஷினி அம்மா. மனசுக்குள் மட்டும் பெயர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் இந்த மூன்று வாரமாகத்தான். இறக்க மாட்டாளே என்றாளே அந்தக் கடை அம்மா. மையத்தில் நான் பார்க்கிற குருவம்மா அவனை இறக்கித்தான் விடுவாள், வாசல் தாண்டியதும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பாள். தாய் பிள்ளையிடம் நெருங்கிப் பழகுவதில்லை என்று கூட எங்கேயோ எழுதியிருக்கிறேன். கால் செருப்புக்குள் வியர்த்து வழுக்குகிறது. திரும்பிப் போய்விடலாம், வீட்டில் ஆளில்லை என்று எழுதிவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இது வந்த நினைப்பு, ஒளிக்காமல் சொல்கிறேன், வந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. தரையில் விரித்த பேப்பரில் காராசேவு குன்றாகக் கிடந்தது, குருவம்மா கவரில் அள்ளிப் போட்டு, வாயை இரும்பறுக்கிற ஒரு ஆக்ஸா பிளேடில் மடித்து, மெழுகுவத்தித் தீயில் ஓட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ருத்விக் அவள் முதுகில் சாய்ந்து நின்று கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான், கன்னம் அவள் தோளில். காதில் ஒன்றுமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். வாங்க மிஸ் என்று சொல்லவில்லை. எழுந்தாள், கைகளைச் சேலையில் துடைத்தாள், அடுப்படிக்குப் போய்ச் சீரக டப்பாவைத் திறந்து மெஷினை எடுத்துவந்து அவன் காதில் மாட்டினாள். மாட்டி முடித்ததும் அவனைத் தன்னிடமிருந்து பிரித்து இரண்டடி தள்ளி உட்காரவைத்துவிட்டுத் தானும் தள்ளி நின்றுகொண்டாள், வாசல் நிலையைப் பிடித்தபடி. “உக்காருங்க” என்றேன், அவள் வீட்டில் அவளை. “வேல கெடக்கு மிஸ்” என்றாள், “பதினோரு மணிக்கு வண்டி வந்துரும்.” மறுபடி மெழுகுவத்திக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். சேவின் எண்ணெய் வாடை, சுடுகிற பாலிதீன் வாடை. ஒரு கவர், இரண்டு கவர், அவள் நிமிரவில்லை. “நாளைக்கு நான் வரல மிஸ்” என்றாள் கவரிடம். “வேற பிள்ளைக்குக் குடுத்துருங்க. நாந்தான் ஏமாத்துற ஆளாச்சே.” நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் ருத்விக், தள்ளி உட்கார்ந்தவன், அம்மா கைக்கு எட்டவில்லை என்று எழுந்து வந்தவன், சேவில் கால் வைத்து வழுக்கி விழுந்தான். அழுகை. குருவம்மாவின் ஒரு கையில் தீ, இன்னொரு கையில் கவர். பக்கத்தில் இருந்தது நான். எடுத்துவிட்டேன். ஓராண்டில் முதல்முறை. மேஜைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை என் மார்பில் வந்து விழுந்து, முகத்தை என் கழுத்தில் புதைத்தான்.

கீஈஈச் என்று கத்தியது. என் தாடைக்குக் கீழே, எலும்புக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி. நான் கழுத்தை விலக்கினேன், நின்றது. அவன் தேம்பிக்கொண்டு மறுபடி புதைத்தான், மறுபடி கத்தியது. அடங்காமல் கத்தியது.

குருவம்மா தீயை ஊதி அணைத்தாள். “இந்தா” என்றாள். “இதுதான் மிஸ். அன்னைக்குச் சொன்னேன்ல. எறக்கிவிட்டா கத்தாது. நீங்க நாற்காலில வச்சுப் பாத்தீக, கத்தல. நான் பொய் சொல்றேன்னு எழுதிட்டீக.”

“வீட்டுலயும் இப்படித்தானா?”

“தூக்குனா கத்தும். மடியில போட்டாக் கத்தும். பக்கத்துல படுத்தாக் கத்தும். பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாக்காக, என்னமோ பிள்ளைக்குள்ள எலி இருக்க மாதிரி. அவனுக்கு அது கேக்குதோ என்னமோ, எனக்குக் கேக்குதுல்ல.” சேவை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்காமல். “வாயி பேசாத பிள்ள மிஸ். பசிச்சாலும் என் மேலதான் விழுவான், பயந்தாலும் என் மேலதான் விழுவான். ஒரு நாளு பூராப் போட்டு வச்சுப் பாத்தேன், கிட்ட வரவர எறக்கி எறக்கி விட்டேன். சாயங்காலம் அவனாவே வரல. செவத்துப் பக்கம் போயி உக்காந்துக்கிட்டான். அன்னைக்குக் கழட்டுனதுதான்.”

“பேட்டரி...”

“நீங்க கேப்பீகளே. டப்பாவுல போட்டு மூடி வச்சா அதுக்குள்ளயும் கத்தும். நான் பாட்டுக்குப் பாக்கெட் போடுவேன், அது பாட்டுக்கு அடுப்படியில கத்திக்கிட்டே கெடக்கும். நின்னுச்சுன்னா தீந்துருச்சுன்னு அர்த்தம். எடுத்து ஒட்டி வச்சுருவேன்.” கொஞ்சம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. “ராத்திரிக்கும் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியல. அதுல மாட்டிக்கிட்டேன்.”

போகிக்கும் பொங்கலுக்கும் போட்ட டிக். அடுத்த தாளில் தடம் விழுந்த டிக். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், யோசித்து வைத்த எதுவுமில்லை அது. “எனக்குத் தெரியல குருவம்மா. நீங்க சொன்னது சரி. அச்சு சின்னதாயிருச்சு, மாத்திருக்கணும், நான் மாத்தல. ஒரு வருஷமா இந்தப் பிள்ளைய நான் ஒரு தடவகூடத் தூக்குனதில்ல, அதனாலதான் எனக்குக் கேக்கல.” பெயரைச் சொன்னதற்கு அவள் நிமிர்ந்தாள் என்று நினைக்கிறேன். வேறு எதற்காகவும் இருக்கலாம். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது.

“புது அச்சு போட்டா, தூக்குனாலும் கத்தாதா?”

“கத்தக் கூடாது. கத்துனா திரும்ப எடுப்போம். நாளைக்கு ஜெபக்கனி சார் வர்றாரு, அளவு எடுத்துரலாம். வரதுக்கு ஒரு வாரம் ஆகும்.”

“நாளைக்கு அவுகல்லாம் இருப்பாகளா? அந்த அம்மாமாரு?”

பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. “இருப்பாங்க. அவங்க முன்னாடியே நான் சொல்றேன், தப்பு என்னுதுன்னு.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்” என்றாள் வெடுக்கென்று. “நீங்க சொன்னதே போதும். நான் சொல்லிக்கிடுவேன். எங்கன கத்தும், எப்பிடிக் கத்தும்னு நானே சொல்லுவேன். பாண்டியம்மா மகனுக்கும் இதே கததான், அவ ஒங்ககிட்டச் சொல்லாம இருக்கா.”

பாண்டியம்மா யார் என்று எனக்குத் தெரியவில்லை. கிஷோர் அம்மாவா, வேறொரு பையனின் அம்மாவா? கேட்க வேண்டும், நாளைக்கு முதல் வேலையாக. ருத்விக்கின் தேம்பல் அடங்கிவிட்டது, மூச்சு என் கழுத்துக் குழியில் சூடாகப் பட்டது, தலை கனத்துக்கொண்டே வந்தது. தூக்கம். தலை சாயச் சாயச் சத்தம் ஏறியது. வாசலில் போன யாரோ நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், இன்றைக்கே, அவள் குழம்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், டைரியிலிருந்து தொடங்கி, நான் சிரித்ததையும் சேர்த்து. குருவம்மா எட்டி மெஷினை அணைக்கக் கையைக் கொண்டுவந்தாள். “ஒங்க காது வலிக்கும் மிஸ், கழட்டிருவோம். இல்ல பாயில போடுங்க, நின்னுரும்.”

“இருக்கட்டும்” என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அது கத்திக்கொண்டே இருந்தது, நான் அவனை இறக்கவில்லை.